ஜெர்மன் தெரியாமல் ஸ்டுட்கார்ட் பக்கம் வேலைக்கு: கிளம்புமுன் எதைக் கற்பது, எங்கே மாட்டுவோம்?

டை_டிசைனர்

வணக்கம். பிரஸ் டூல் டிசைன், அதாவது உலோகத் தகட்டை வெட்டி வளைக்கும் அச்சுகளை வடிவமைப்பது, என் துறை. ஸ்டுட்கார்டிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரத் தொலைவில், கார் பாகம் செய்யும் நடுத்தர நிறுவனம் ஒன்றில் ஆஃபர் வந்திருக்கிறது. புளூ கார்டு விசா. இன்டர்வியூ முழுக்க ஆங்கிலம். "ஆங்கிலம் போதும், ஜெர்மனை வந்து மெதுவாகப் படித்துக்கொள்ளலாம்" என்று ஹெச்.ஆர். சொல்கிறார். எனக்கு ஜெர்மனில் "டாங்கே" தவிர ஒன்றும் தெரியாது. கிளம்ப இரண்டரை மாதம் இருக்கிறது. மனைவியும் நான்கு வயது மகளும் பின்னால் வருவார்கள்.

ஹெச்.ஆர். சொல்வதை எவ்வளவு நம்பலாம்? இந்த இரண்டரை மாதத்தில் ஏ1 பரீட்சை (ஜெர்மன் மொழியின் தொடக்க நிலை) எழுதிவிட்டே கிளம்புவதா, அல்லது வேறு எதற்காவது நேரத்தைச் செலவிடுவதா? மொழி தெரியாமல் நிஜமாகவே சிக்கல் வருகிற இடங்கள் எவை? யூடியூபில் "எல்லாம் சமாளிக்கலாம் ப்ரோ" என்பதற்கு மேல் யாரும் சொல்வதில்லை.

நெக்கார்_கரை

ஹெச்.ஆர். சொன்னது ஆபீஸுக்குள் சரி. வெளியே கடை, பஸ், பேக்கரி எல்லாம் கையைக் காட்டியே ஓட்டிவிடலாம். ஆளைக் கவிழ்ப்பது தபால்பெட்டி. ஜெர்மனியில் அரசு, காப்பீடு, வங்கி, வீட்டுக்காரர் எல்லாருமே காகிதத்தில்தான் பேசுவார்கள். அலுவலக மொழி ஜெர்மன் என்பது சட்டத்திலேயே இருக்கிறது. கவுன்டரில் இருப்பவருக்கு ஆங்கிலம் தெரிந்தாலும் பேச வேண்டிய கட்டாயம் இல்லை.

முதல் வேலை முகவரிப் பதிவு, அதாவது அன்மெல்டுங். குடிபோன இரண்டு வாரத்துக்குள் ஊர் அலுவலகத்தில் பதிய வேண்டும். பாஸ்போர்ட், விண்ணப்பப் படிவம், கூடவே "வோனுங்ஸ்கேபர்பெஷ்டேடிகுங்" என்று வீட்டுக்காரர் கையெழுத்திட்டுத் தரும் ஒரு பக்கத் தாள். வாடகை ஒப்பந்தத்தைக் காட்டினால் போதும் என்று நினைத்துப் போய்த் திரும்புகிறவர்கள் ஏராளம். குறுகிய கால அறை கொடுப்பவர்கள் சிலர் இந்தத் தாளைத் தர மறுப்பார்கள். எனவே முன்பணம் அனுப்பும் முன்பே "தருவீர்களா" என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். "நான் வெளிநாட்டில் இருக்கிறேன், பணம் கட்டினால் சாவியைப் பார்சலில் அனுப்புகிறேன்" என்கிற வீட்டுக்காரர் மோசடிக்காரர். வேறு விளக்கமே கிடையாது.

அந்தப் படிவத்தில் மதம் கேட்டு ஒரு கட்டம் இருக்கும். கத்தோலிக்கர், எவாங்கெலிஷ் (புராட்டஸ்டன்ட்) என்று நிரப்பினால் தேவாலய வரி சம்பளத்திலேயே பிடிக்கப்படும். ஸ்டுட்கார்ட் இருக்கும் பாடன்-வூர்ட்டெம்பர்க் மாநிலத்தில் அது வருமான வரியில் 8 சதவீதம். பிடிக்க ஆரம்பித்த பிறகு விலக வேண்டுமானால் பிறப்பு, திருமணம் பதியும் அலுவலகத்துக்குப் போய் முறைப்படி விலகிக்கொள்ள வேண்டும். அது என்ன கட்டம் என்று தெரிந்துகொண்டு நிரப்புங்கள்.

பதிந்த இரண்டு மூன்று வாரத்தில் வரி அடையாள எண் தபாலில் வரும். இங்கேதான் ஒரு சின்ன விஷயம் பலரைக் கவிழ்க்கிறது. தபால்பெட்டியில் உங்கள் பெயர் ஒட்டியிருக்க வேண்டும். வீட்டு எண் சரியாக இருந்தாலும், பெட்டியில் பெயர் இல்லையென்றால் கடிதம் திரும்பிப் போய்விடும். பெரும்பாலான கட்டடங்களில் பிளாட் எண்ணே கிடையாது, பெயரை வைத்துத்தான் பட்டுவாடா. சாவி கையில் வந்த அன்றே ஒரு துண்டுத் தாளிலாவது பெயர் எழுதி ஒட்டுங்கள். வேறொருவர் வீட்டில் அறை எடுத்திருந்தால் முகவரியில் உங்கள் பெயருக்குக் கீழே "பை" போட்டு அவர் பெயரையும் சேர்க்க வேண்டும்.

கடிதம் வந்தால் முழுதாக மொழிபெயர்க்கும் முன் நான்கு சொற்களைத் தேடுங்கள். "ஃபிரிஸ்ட்" என்றால் கெடு. "ஷ்பேடெஸ்டன்ஸ்" என்றால் இன்ன தேதிக்குள். "மானுங்" என்றால் பணம் கட்டாததற்கு நினைவூட்டல். "பெஷைட்" என்றால் அரசு அலுவலகத்தின் முடிவு. பெஷைட்டின் கடைசிப் பத்தியில் எங்கே, எத்தனை நாளுக்குள் ஆட்சேபிக்கலாம் என்று இருக்கும். பெரும்பாலும் ஒரு மாதம். 2025 முதல், சாதாரணத் தபாலில் வந்த முடிவு அனுப்பிய நான்காம் நாள் கைக்கு வந்ததாகக் கணக்கு. நீங்கள் ஊருக்குப் போயிருந்தேன் என்பதெல்லாம் எளிதில் எடுபடாது.

மஞ்சள் உறை வந்தால் அன்றே உட்காருங்கள். உறையின் மேல் தபால்காரர் கையால் தேதி எழுதியிருப்பார். கெடு அந்தத் தேதியிலிருந்து ஓடும், அதனால் உறையைத் தூக்கிப் போடாதீர்கள். உள்ளே நீதிமன்றக் கடன் உத்தரவோ போக்குவரத்து அபராதமோ இருந்தால் ஆட்சேபிக்க இரண்டே வாரம். பதிலை ஜெர்மனில் எழுதுங்கள், மெஷின் மொழிபெயர்ப்பாக இருந்தாலும் பரவாயில்லை. ஆங்கிலத்தில் எழுதினால் மொழிபெயர்ப்பு கேட்பார்கள், அதற்குள் கெடு தாண்டிவிடும்.

மொபைலைக் காட்டிப் படம் எடுத்து மொழிபெயர்ப்பதில் ஒரு கோளாறு: வரிகள் கலந்துவிடும். இரண்டு பத்தியாக அச்சிட்ட கடிதத்தில் இடது பத்திப் பாதியும் வலது பத்திப் பாதியும் ஒட்டிக்கொள்ளும். ஸ்கேன் செய்து எழுத்தை எடுத்து, பத்தி பத்தியாக ஒட்டி மொழிபெயருங்கள். தமிழுக்கு மாற்றுவதைவிட ஆங்கிலத்துக்கு மாற்றினால் சட்டச் சொற்கள் ஓரளவு ஒழுங்காக வரும்.

டிவி, ரேடியோ கட்டணம் கேட்டும் ஒரு கடிதம் வரும். மோசடி என்று கிழித்துப் போடாதீர்கள். டிவியே இல்லாவிட்டாலும் வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ கட்டித்தான் ஆக வேண்டும். வீட்டில் இன்னொருவர் ஏற்கெனவே கட்டுகிறார் என்றால் அவருடைய கணக்கு எண்ணைப் பதிலில் எழுதி அனுப்பினால் போதும்.

ஏ1 சான்றிதழுக்காக மெனக்கெடாதீர்கள். புளூ கார்டுக்கு மொழிச் சான்று கேட்பதில்லை. அந்த நேரத்தில் மேலே சொன்ன கடிதச் சொற்களையும் எண்களையும் பழகுங்கள்.

இரண்டாம்_ஷிப்ட்

வேலை இடத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நடுத்தர நிறுவனம் என்றால் டிசைன் ஆபீஸில் ஆங்கிலம் ஓடும், டூல்ரூமில் ஓடாது. டை ட்ரைஅவுட்டில், அதாவது புது அச்சை ஓட்டிப் பார்க்கும்போது, உங்களோடு நிற்பவர் முப்பது வருட அனுபவமுள்ள மைஸ்டராக (தேர்ந்த தொழில்நுட்பர்) இருப்பார், பேசுவது ஷ்வேபிஷ் வட்டார வழக்காக இருக்கும். புத்தக ஜெர்மன் படித்தவர்களே முதலில் திணறுவார்கள். வருத்தப்பட ஒன்றுமில்லை. டிராயிங்கைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் பாதி புரிந்துவிடும்.

துறைச் சொற்களை இப்போதே மனப்பாடம் செய்யுங்கள். ஷ்டெம்பல் பஞ்ச், மட்ரீட்ஸே டை, நீடர்ஹால்டர் பிளாங்க் ஹோல்டர், பிளட்டீனே பிளாங்க், கிராட் பர், ஃபோல்கெஃபெர்புண்ட்வெர்க்ட்சாய்க் ப்ரோக்ரெசிவ் டை, ஆவுஸ்ஷூஸ் ஸ்க்ராப், நாஹ்அர்பைட் ரீவொர்க். பொது மொழிபெயர்ப்பு ஆப் இதையெல்லாம் சொதப்பும். பிளட்டீனேயை எலெக்ட்ரானிக்ஸ் போர்டு என்றும் ஷ்டெம்பலை ரப்பர் ஸ்டாம்ப் என்றும் காட்டும். ஐம்பது அறுபது சொல் போதும், ஒரு எக்செல் ஷீட்டில் நீங்களே தயாரித்துக்கொள்ளுங்கள்.

எக்செல் என்றதும் நினைவுக்கு வருகிறது. ஜெர்மன் அமைப்பில் உள்ள கம்ப்யூட்டரில் தசமத்துக்குக் காற்புள்ளி, ஆயிரத்துக்குப் புள்ளி. தகட்டின் தடிமன் 1.5 என்று அடித்தால் செல்லில் "01. மாய்" என்று மே முதல் தேதி வந்து நிற்கும். 2.500 என்று எழுதினால் இரண்டாயிரத்து ஐந்நூறு. உங்கள் பழக்கத்தில் 2.500 மிமீ என்று மெயிலில் எழுதினால் டிசைனர் சிரித்துவிட்டுத் திருத்திக்கொள்வார், ஆனால் வாங்கல் பிரிவுக்குப் போகும் பட்டியலில் அது அப்படியே ஆர்டராகிவிடும். சென்னையிலிருந்து வரும் சிஎஸ்வி கோப்பை டபுள் கிளிக் செய்து திறக்காதீர்கள். டேட்டா மெனு வழியாக இறக்குமதி செய்து, தசமக் குறி எது என்று அங்கே தேர்ந்தெடுங்கள். ஃபார்முலா பெயர்களும் ஜெர்மனில்தான்: இஃப் என்பது வென், விலுக்அப் என்பது எஸ்ஃபெர்வைஸ். எஸ்.ஏ.பி. என்ற நிறுவன நிர்வாக மென்பொருளில் லாகின் திரையிலேயே மொழியை ஆங்கிலம் என்று மாற்றிக்கொள்ளலாம். ஆனால் மாறுவது மெனுதான். பொருள் விவரங்களை ஜெர்மனில் மட்டும் பதிந்திருந்தால் அவை ஜெர்மனிலேயே தெரியும்.

நேரம் சொல்வதில் கவனம். "ஹால்ப் த்ரை" என்றால் இரண்டரை மணி, மூன்றரை அல்ல. அந்தப் பக்கத்தில் "ஃபீர்டல் த்ரை" என்றால் இரண்டே கால், "த்ரைஃபீர்டல் த்ரை" என்றால் இரண்டே முக்கால். எண்களில் ஒன்றாம் இடம் முதலில் வரும், 34-ஐ நான்கும் முப்பதும் என்பார்கள். போனில் அளவு சொன்னால் 43 என்று எழுதிவிடுவோம். இலக்கம் இலக்கமாகத் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்துங்கள். டெலிவரி நாளை "கா வே 23" என்பார்கள், வருடத்தின் 23ஆம் வாரம் என்று பொருள். காலண்டரில் வார எண் தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

பிரஸ் ஷாப்புக்குள் போகும் முன் பாதுகாப்பு விளக்கம் கொடுத்துக் கையெழுத்து வாங்குவார்கள். பணியாளருக்குப் புரியும்படி விளக்குவது முதலாளியின் கடமை. புரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள், "ஆங்கிலத்தில் வேண்டும்" என்று கேளுங்கள், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். வேலையில் அடிபட்டால் குடும்ப டாக்டரிடம் போகக் கூடாது. "டூர்ஹ்காங்ஸ்ஆர்ட்ஸ்ட்" என்று விபத்துக்கென அனுமதி பெற்ற டாக்டரிடம் போக வேண்டும். அருகில் யார் என்பது நோட்டீஸ் போர்டில் இருக்கும்.

பி1_போதும்

நெக்கார்_கரையோடு ஒரு இடத்தில் ஒத்துப்போக முடியவில்லை. ஏ1 பரீட்சை வேண்டாம், சரி. ஆனால் ஏ1 பாடத்தை விடக் கூடாது. காரணம் நிரந்தர வதிவிட உரிமை. புளூ கார்டில் ஏ1 அளவு ஜெர்மன் இருந்தால் 27 மாத வேலைக்குப் பின் விண்ணப்பிக்கலாம், அதைவிட இரண்டு படி மேலான பி1 இருந்தால் 21 மாதம். அத்தனை மாதமும் ஓய்வூதியப் பங்களிப்பு கட்டியிருக்க வேண்டும்.

இப்போது கணக்குப் போடுங்கள். பூஜ்யத்திலிருந்து பி1-க்கு 350 முதல் 650 பாட வேளை ஆகும் என்பது கோத்தே இன்ஸ்டிட்யூட் கணக்கு, ஒரு வேளை 45 நிமிடம். வேலைக்குப் போய்க்கொண்டு ஃபோல்க்ஸ்ஹோஹ்ஷூலே என்ற பெரியவர்களுக்கான கல்வி மையத்தின் மாலை வகுப்பில் வாரம் இரண்டு நாள், ஒன்றரை மணி நேரம் என்றால் வாரத்துக்கு 4 வேளை. 350 வேளைக்கே 87 வாரம், அதாவது இருபது மாதம். விடுமுறை, ஷிப்ட், குழந்தைக்குக் காய்ச்சல் என்று பார்த்தால் 21-ஐத் தாண்டிவிடும். கிளம்பும் முன் சென்னையிலோ ஆன்லைனிலோ 100 வேளை முடித்துவிட்டால் மிச்சம் 250, பதினைந்து மாதத்துக்குள் அடங்கும். வேலையில் சேர்ந்த பிறகு அந்த 100 வேளையைப் பிடிப்பது மிகக் கஷ்டம், அதனால்தான் இந்த இரண்டரை மாதம் விலைமதிப்பானது.

கோத்தே பி1 பரீட்சை நான்கு பகுதி: வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல். ஒவ்வொன்றிலும் 100-க்கு 60 வேண்டும். ஒன்றில் தவறினால் அதை மட்டும் திரும்ப எழுதலாம். நம்மவர்கள் பெரும்பாலும் கேட்டலில்தான் விழுகிறார்கள், ஆப்பில் சொல் மட்டும் படிப்பதால். தினமும் இருபது நிமிடம் மெதுவான செய்தி கேளுங்கள். டாய்ச்சே வெல்லே என்ற ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனம் இணையத்தில் படிப்பவர்களுக்கென்றே மெதுவாக வாசித்துப் போடுகிறது, இலவசம்.

நிரந்தர வதிவிடத்துக்கு, கூடவே "லேபன் இன் டாய்ச்லாந்து" என்ற, ஜெர்மனியின் சட்டம், சமூகம் பற்றிய தேர்வு. 33 கேள்வி. பொதுவான 300, மாநிலத்துக்கான 10 என்று கேள்விகள் முன்கூட்டியே வெளியிடப்பட்டவை. ஜெர்மனில்தான் இருக்கும், ஆனால் மனப்பாடம் செய்து எழுதலாம்.

மனைவிக்கு விசாவுக்காக ஏ1 தேவையில்லை. புளூ கார்டு வைத்திருப்பவரின் துணைக்கு அந்த நிபந்தனை இல்லை, வந்ததும் வேலைக்கும் போகலாம். இருந்தாலும் வீட்டில் ஜெர்மன் அதிகம் தேவைப்படப்போவது அவருக்குத்தான். உங்களுக்கு ஆபீஸ் இருக்கிறது, அவருக்கு கின்டர்கார்டனும் டாக்டர் வரவேற்பறையும்.

யாழ்_ஸ்டுட்கார்ட்

தம்பி, பிள்ளையின்ர விசயத்தை நான் சொல்லுறன்.

கின்டர்கார்டனுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் தட்டம்மை ஊசி போட்ட ஆதாரம் சட்டப்படி வேணும், 2020இல இருந்து. இரண்டு வயதுக்கு மேல எண்டால் இரண்டு ஊசி. ஊரில தாற ஊசிப் புத்தகத்தில கையெழுத்து விளங்காது, திகதியும் அழிஞ்சு போயிருக்கும். வெளிக்கிட முதல் பிள்ளை டொக்டரிட்டப் போய், ஒவ்வொரு ஊசியின்ர பெயர், போட்ட திகதி, சீல் எல்லாம் வைச்சு ஆங்கிலத்தில ஒரு பக்கக் கடிதம் வாங்குங்கோ. தட்டம்மை ஊசி எம்.ஆர். அல்லது எம்.எம்.ஆர். எண்டு தெளிவா இருக்கவேணும். அது இல்லாட்டி இஞ்ச இரத்தம் எடுத்துப் பாக்கோணும், அல்லது திரும்ப ஊசி.

கின்டர்கார்டன் இடத்துக்கு ஊர் நகரசபையில பதிஞ்சு வைக்கோணும். வீடு உறுதியான உடனயே பதியுங்கோ, மனுசியும் பிள்ளையும் வரட்டும் எண்டு இருந்தால் மாதக்கணக்கில இழுபடும். பள்ளிக்கூடம் துவங்க ஒண்டு இரண்டு வருசத்துக்கு முதலே சுகாதாரப் பகுதி பிள்ளையைக் கூப்பிட்டு பேச்சு, பார்வை எல்லாம் பாப்பினம். கடிதம் வந்தால் பயப்பிடாதையுங்கோ, எல்லாப் பிள்ளையளுக்கும் வாறதுதான். ஜேர்மன் வரட்டும் எண்டு வீட்டில உடைஞ்ச ஜேர்மனில கதைக்க வேண்டாம். வீட்டில தமிழ், அங்க ஜேர்மன். நாலு வயதுப் பிள்ளை கெதியாப் பிடிச்சிடும். பெரிய ஊர்களில வார இறுதியில தமிழாலயம் நடக்குது, தமிழ் எழுத வாசிக்க அனுப்பலாம்.

கின்டர்கெல்ட் எண்டு அரசாங்கம் பிள்ளைக்குத் தாற காசுக்கு விண்ணப்பம் போடுங்கோ, 2026இல ஒரு பிள்ளைக்கு மாதம் 259 யூரோ. ஆறு மாதத்துக்குத்தான் பின்னோக்கித் தருவினம், பிந்தினால் போன காசு போனதுதான்.

மருத்துவக் காப்பீடு அரச கிராங்கன்காஸ்ஸேயா எடுங்கோ. மனுசிக்கு வருமானம் இல்லாட்டி அவவும் பிள்ளையும் உங்கட காப்பீட்டுக்குள்ள மேலதிகக் காசில்லாமல் வருவினம். தனியாரில ஆளாளுக்குக் கட்டவேணும். டொக்டர் தேட டொக்டோலிப் செயலியில மொழி தெரிவு செய்யலாம். இரவில, சனி ஞாயிறில டொக்டர் தேவையெண்டால் 116117. உயிருக்கு ஆபத்தெண்டால் 112, அங்க முதல் சொல்ல வேண்டியது முகவரி. வீதிப் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லப் பழகி, கதவுக்குப் பின்னால எழுதி ஒட்டி வையுங்கோ.

ஒண்டு மட்டும் கேளுங்கோ: டொக்டரிட்ட மொழிபெயர்க்கத் தெரிஞ்ச ஆக்களின்ர பதினாலு வயதுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகாதையுங்கோ. பிள்ளை வெக்கத்தில பாதியை விழுங்கிடும். இஞ்ச வளர்ந்த பெரிய ஆக்கள் எத்தினையோ பேர் இருக்கினம், கேட்டால் வருவினம். பிறப்பு, கலியாணப் பத்திரங்களுக்கு எண்டால் தெரிஞ்ச ஆள் சரிவராது, நீதிமன்றத்தில சத்தியம் செய்த மொழிபெயர்ப்பாளர் வேணும். நீதித்துறையின்ர இணையப் பட்டியலில தமிழுக்கும் ஆக்கள் இருக்கினம்.

டை_டிசைனர்

எல்லோருக்கும் நன்றி. அக்கா, ஊசி விஷயம் எங்குமே கண்ணில் படவில்லை, நாளைக்கே டாக்டரைப் பார்க்கிறேன்.

இன்னும் இரண்டு. என் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலி, கிவன் நேமில் ஒரே பெயர். டிகிரியில் இனிஷியலோடு இருக்கிறது. இது பிரச்சினையா? அடுத்து, ஒப்பந்தம் இரண்டு பத்தியாக வந்திருக்கிறது, இடது ஜெர்மன், வலது ஆங்கிலம். ஆங்கிலத்தைப் படித்துக் கையெழுத்துப் போட்டால் போதுமா?

நெக்கார்_கரை

பெயர்: விசாவுக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை என்றால் இப்போதே பாஸ்போர்ட்டை மாற்றிவிடுங்கள். இனிஷியலை விரித்து அப்பா பெயரை சர்நேமாகப் போட்டு மறுவெளியீடு கேட்கலாம். ஜெர்மன் படிவங்களில் இரண்டு கட்டமும் நிரம்பாவிட்டால் ஒவ்வொரு அலுவலகமும் தன் இஷ்டப்படி எதையாவது போடும். வங்கியில் ஒரு பெயர், காப்பீட்டில் ஒரு பெயர், வரி எண்ணில் இன்னொன்று என்று பிரிந்துவிடும், பிறகு ஒட்டவைப்பது பெரிய தலைவலி. விசா ஒட்டியாகிவிட்டது என்றால் பாஸ்போர்ட்டைத் தொடாதீர்கள். அன்மெல்டுங்கில் பெயர் எப்படிப் பதிவாகிறதோ அந்தச் சான்றின் நகலையே வங்கி, காப்பீடு, ஹெச்.ஆர். எல்லாருக்கும் கொடுத்து "இதன்படியே எழுதுங்கள்" என்று சொல்லுங்கள். டிகிரிப் பெயருக்கு, இரண்டும் ஒரே ஆள்தான் என்று நோட்டரி அஃபிடவிட் ஒன்று ஆங்கிலத்தில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தம்: கடைசிப் பக்கத்தில் "முரண்பட்டால் ஜெர்மன் வடிவமே செல்லும்" என்று ஒரு வரி அநேகமாக இருக்கும். எனவே நான்கு இடத்தை மட்டும் இரண்டு பத்தியிலும் ஒப்பிடுங்கள்: ஆண்டுச் சம்பளம் மொத்தம் எவ்வளவு, அதை எத்தனை மாதச் சம்பளமாகப் பிரித்துத் தருவார்கள், சோதனைக் காலம், விலகல் அறிவிப்புக் காலம், ஓவர்டைம் சம்பளத்திலேயே அடங்குமா. சோதனைக் காலம் ஆறு மாதத்துக்கு மேல் இருக்கக் கூடாது, அதற்குள் இரு தரப்பும் இரண்டு வார அறிவிப்பில் முடித்துக்கொள்ளலாம்.

வேலை போனால் என்ன என்பதையும் இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பணிநீக்கம் கையெழுத்திட்ட காகிதத்தில் வந்தால்தான் செல்லும், மெயில் செல்லாது. கிடைத்த மூன்று வாரத்துக்குள் தொழிலாளர் நீதிமன்றத்தில் வழக்குப் போடாவிட்டால் அது உறுதியாகிவிடும். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் மூன்று நாளுக்குள் பதிய வேண்டும், வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு இரண்டு வாரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். சில சமயம் ஹெச்.ஆர். சிரித்துக்கொண்டே "ஆவுஃப்ஹேபுங்ஸ்ஃபெர்ட்ராக்" என்று ஒரு தாளை நீட்டுவார், பரஸ்பர சம்மதத்தில் விலகுவதாக. அதில் அங்கேயே கையெழுத்துப் போடாதீர்கள். வேலையில்லாப் படி நிறுத்தப்படலாம், வழக்குப் போடும் வாய்ப்பும் போய்விடும். "வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டுச் சொல்கிறேன்" என்று ஆங்கிலத்திலேயே சொல்லி வாங்கிக்கொண்டு வந்து, தொழிலாளர் சட்ட வக்கீலிடம் காட்டுங்கள். முதல் ஆலோசனைக்கு எவ்வளவு என்று போனிலேயே கேட்டுவிட்டுப் போகலாம்.